கிளினிக் கொப்பியில் யாருடைய கையெழுத்து?

சுகாதாரத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் வைத்தியர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

"டொக்டர் லீவு. அடுத்த கிழமை வாங்க."

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையிலோ, அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவிலுக்குத் தெற்கேயோ ஒரு சின்ன வைத்தியசாலையின் கம்பிக் கதவில் கிளினிக் நாளன்று இப்படியொரு துண்டு தொங்கினால், அதை வாசித்துவிட்டுத் திரும்புகிற ஐம்பது அறுபது பேருக்கு அன்றோடு குளிசை முடிந்திருக்கும். ஒரு மாதத்துக்கென்று எண்ணிக் கொடுத்தது கிளினிக் திகதிக்கு முதல் நாள் இரவோடு சரி. அடுத்த ஏழு நாளும் எதை விழுங்குவது என்று அந்தத் துண்டில் எழுதியிருப்பதில்லை.

ஏழு நாள் என்பது எல்லா மருந்துக்கும் ஒன்றல்ல. அம்லோடிபின் மெதுவாக இறங்கும். அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஒன்றரை நாள், இரண்டு நாள் பிடிக்கும். ஒரு வேளை தவறினால் பிறசர் துள்ளாது. ஏழு வேளை தவறினால் துள்ளும். அற்றனோலோலைத் திடீரென்று விட்டால் இதயத் துடிப்பு எகிறும், இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சு நோவு திரும்பி வரும். இன்சுலின் போடுகிறவருக்கு இரண்டு நாள் தவறினாலே தாகமும் சிறுநீரும் கூடத் தொடங்கும். ஒரு கிழமை என்றால், சத்தியும் மயக்கமுமாக, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில்தான் வருவார். தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சின் மட்டும் ஒரு கிழமை பொறுக்கும். எது பொறுக்கும், எது பொறுக்காது என்ற இந்தக் கணக்குத் தெரிந்த ஆள் அந்தக் கதவுக்கு உள்ளேயே வெள்ளைச் சீருடையில் நிற்கிறார். சனம் அவரை "மிஸ்ஸி" என்று கூப்பிடும்.

அன்று அந்தக் கட்டடத்தில் எது இல்லை என்று எண்ணிப் பாருங்கள். பிறசர் பார்க்கத் தாதி இருக்கிறார். குளுக்கோமீற்றரும் ஸ்ட்ரிப்பும் இருக்கின்றன. களஞ்சியத்தில் சீனிக்கு மெற்ஃபோமினும் பிறசருக்கு லொசார்ட்டனும் இருக்கின்றன. எண்ணிக் கொடுக்க மருந்தாளர் இருக்கிறார். நோயாளியின் கையில் கொப்பி இருக்கிறது. அதில் ஆறு மாதமாக ஒரே சொல் திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது: "ரிப்பீட்". அந்தச் சொல்லுக்குக் கீழே விழவேண்டிய கையெழுத்து ஒன்றுதான் இல்லை.

வைத்தியரால் நோய் இன்னதென்று தீர்மானிக்கப்பட்டு, மருந்தும் அளவும் நிலைப்பட்டு, மாதா மாதம் அதே குளிசைக்காக வந்துபோகிற சீனி வருத்த, பிறசர் நோயாளிக்கு, பயிற்சி பெற்ற தாதிய உத்தியோகத்தர் எழுத்தில் உள்ள ஒரு நெறிமுறைக்கு உட்பட்டு அந்தக் கையெழுத்தைப் போட முடிய வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சிறு வைத்தியசாலைகளிலும் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகளிலும் தினமும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இதற்கு மேலும் பேசாமல் இருக்க, அங்கே வேலை செய்கிற தாதியரான எங்களால் முடியவில்லை.

டொக்டர் வந்த நாளையும் பார்ப்போம். ஒரு காலையில் 90 பேர் என்று வையுங்கள். 8 மணிக்குத் தொடங்கி 12 மணிக்கு முடித்தால் 240 நிமிடம், தலைக்கு 2 நிமிடமும் 40 செக்கனும். இடையில் பாம்பு கடித்தவர் வருவார், வார்ட்டில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வரும், பொலிஸிலிருந்து ஒரு படிவம் வரும். ஆக, ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடத்தில் வைத்தியர் பார்ப்பது, கொப்பியில் தாதி ஏற்கெனவே எழுதி வைத்த இரண்டு எண்களைத்தான். நல்ல வைத்தியராக இருந்தாலும் அப்படித்தான். இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு அப்படி.

அந்த இரண்டு எண்களும் எப்படி வருகின்றன என்பதில்தான் விசயம் இருக்கிறது. பிறசர் பார்க்க முன் ஐந்து நிமிடம் இருத்த வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் நிலத்தில், கால்மேல் கால் கூடாது, கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல். பட்டிக்குள் இருக்கும் காற்றுப் பை கையின் சுற்றளவில் 80 வீதத்தையாவது சுற்ற வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டியைக் கட்டினால் இல்லாத பிறசரைக் காட்டும். காற்றை செக்கனுக்கு 2 மில்லிமீற்றர் அளவில் இறக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தரமும் பார்க்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவருக்கும், பஸ்ஸால் இறங்கி ஓடி வந்தவருக்கும், கதைத்துக்கொண்டே இருப்பவருக்கும் எண் ஏறும். பல இடங்களில் இருப்பது ஒரே அளவுப் பட்டி. நோயாளி உட்கார இருப்பது முதுகு இல்லாத வாங்கு.

இதைவிடப் பெரிய பிழை வேறொன்று. இரத்தத்தில் சீனி பார்க்க "சாப்பிடாம வாங்க" என்று சொல்லி அனுப்புகிறோம். சனம் அதை "ஒன்றும் வாயில் படக்கூடாது" என்று எடுத்துக்கொள்கிறது. காலைப் பிறசர் குளிசையையும் போடாமல், தண்ணீரும் குடிக்காமல் விடிய ஆறு மணிக்கு இலக்கம் எடுக்க வந்துவிடுவார்கள். ஒன்பதரைக்குப் பிறசர் 170க்கு 100. கொப்பியில் எண் ஏறிவிட்டது. ஒன்றரை நிமிடத்தில் "காலையில் குளிசை போட்டீங்களா?" என்ற கேள்விக்கு இடமில்லை. எனலப்ரில் 5 மில்லிகிராம் 10 ஆகும், கூட ஒரு நீரிறக்கிக் குளிசையும் சேரும். அடுத்த நாள் தொடக்கம் அவர் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போடுவார். பதினொரு மணி வெயிலில் வயல் வரம்பில் குனிந்து நிமிரும்போது தலை சுற்றி விழுவார். விழுந்தவரை "பிறசர் கூடி விழுந்திட்டார்" என்று சொல்லிக் கூட்டி வருவார்கள். அளந்தால் 90க்கு 60. மருந்து கூடியது தேவையே இல்லாத ஒருவருக்கு.

இதைத் தடுக்க மெஷின் ஒன்றும் தேவையில்லை, ஒரு கேள்வியும் ஒரு விளக்கமும் போதும்: பிறசர் குளிசையை வெறும் வயிற்றிலும் ஒரு மிடறு தண்ணீரோடு போடலாம், சீனிக் குளிசையையும் இன்சுலினையும் மட்டும் இரத்தம் எடுக்கும்வரை நிறுத்தி வைக்க வேண்டும், கையில் ஒரு சாப்பாட்டுப் பாசல் கொண்டுவர வேண்டும். மறுபக்கப் பிழையும் நடக்கிறது. சீனிக் குளிசையான கிளிக்ளசைட்டை வீட்டிலேயே விழுங்கிவிட்டுச் சாப்பிடாமல் பதினொரு மணிவரை வரிசையில் நிற்பவர் வியர்த்து, கை நடுங்கி, கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொல்லத் தொடங்குவார். விரலில் குத்திப் பார்த்தால் 70க்குக் கீழே. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்ப அளக்க வேண்டும். இதையெல்லாம் செய்வது தாதிதான். செய்துவிட்டு, கிளிக்ளசைட்டின் நேரத்தை மாற்ற வேண்டும் என்று கொப்பியில் எழுத அவருக்கு உரிமை இல்லை. வாயால் சொல்லலாம். வாயால் சொன்னது அடுத்த மாதம் வேறொரு வைத்தியர் வந்தால் காற்றோடு போய்விடும்.

இன்சுலின் இதைவிட நுணுக்கம். கலப்பு இன்சுலின் போடும் ஒருவரின் சீனி 240இல் நிற்கிறது. ஒன்றரை நிமிடத்தில் கிடைக்கக்கூடிய தீர்வு, 4 யூனிற் கூட்டுவது. ஆனால் கேட்க வேண்டியவை வேறு. மருந்துப் போத்தலைக் காலையில் உள்ளங்கைகளுக்கு இடையே பத்துத் தரமாவது மெதுவாக உருட்டினாரா, அப்படியே இழுத்தாரா? உருட்டாவிட்டால் வெள்ளை மருந்து அடியிலும் தெளிந்தது மேலேயும் நிற்கும். முதல் கிழமை ஒரு மருந்து, கடைசிக் கிழமை இன்னொரு மருந்து போட்ட மாதிரி. ஊசி குத்தும் இடம் எது? தொப்புளுக்கு வலது பக்கம் விரல் வைத்தால் ஒரு கட்டி தட்டுப்படும். நோவு தெரியாததால் நாள் தவறாமல் அதே இடத்தில் குத்துகிறார். அந்தக் கட்டிக்குள் போகும் இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது. போத்தலை எங்கே வைத்திருக்கிறார்? அயல் வீட்டு ஃபிரிட்ஜில், ஐஸ் தட்டோடு ஒட்டி. உறைந்து உருகிய இன்சுலின் பழுது. உருகியபின் பலபேருக்குக் கண்ணால் பார்த்து வித்தியாசம் பிடிபடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இரண்டு மண்சட்டி, இடையில் ஈர மணல், மேலே ஈரத் துணி, நிழலான மூலை. திறந்த போத்தல் அப்படி நான்கு கிழமை தாங்கும். இந்தக் கேள்விகளைக் கேட்டு, சட்டையை உயர்த்தச் சொல்லி வயிற்றைத் தடவிப் பார்க்க எட்டுப் பத்து நிமிடம் வேண்டும். கேட்காமல் 4 யூனிற் கூட்டினால், அடுத்த மாதம் புதுப் போத்தல் வந்து அதை ஒழுங்காக உருட்டிப் புது இடத்தில் குத்தும் நாளில் அவர் நித்திரையிலேயே சீனி இறங்கிக் கிடப்பார்.

குளுக்கோமீற்றரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாவிக்கரை ஈரக் காற்றில் ஸ்ட்ரிப் போத்தலின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேலை செய்தால், பெட்டியில் அச்சடித்த திகதி வருமுன்பே ஸ்ட்ரிப் கெட்டுவிடும். திறந்த நாளைப் போத்தலின் மேல் பேனையால் எழுத வேண்டும். மாம்பழம் தின்ற விரலைத் துடைக்காமல் குத்தினால் 300ம் காட்டும். சின்ன விசயங்கள்தான், ஆனால் மருந்தின் அளவு இந்த எண்ணைப் பார்த்துத்தான் மாறுகிறது.

கால் பரிசோதனைக்குத் தனி மெஷின் இல்லாவிட்டாலும் விரல் நுனி போதும். நோயாளி கண்ணை மூடிக்கொண்டிருக்க, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்ன விரல் என்று ஆறு விரல்களின் நுனியை ஓரிரு செக்கன் இலேசாகத் தொட வேண்டும். அழுத்தவோ தடவவோ கூடாது. இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் கால் மரத்திருக்கிறது. இந்த மண்ணில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தொடங்கி எத்தனையோ கோயில்களில் தீமிதிப்பு நடக்கிறது. உகந்தையில் காட்டுப் பாதை திறந்ததும் குமண வழியாகக் கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு சனம் நடக்கிறது. வயலில் சேற்றுக்குள் செருப்போடு யாரும் இறங்குவதில்லை. மரத்த காலுக்குச் சூடும் தெரியாது, முள்ளும் தெரியாது. நேர்த்தியை விடச் சொல்ல எங்களுக்கு மனமில்லை, சொன்னால் கேட்கப் போவதுமில்லை. ஆனால் நேர்த்தி வைத்திருக்கிறவரை இரண்டு மாதம் முந்தியே இருத்தி, கால் மரத்ததை அவருக்கே தொட்டுக் காட்டி, தீயில் இறங்குவதற்குப் பதிலாக வேறு எப்படி நேர்த்தியை நிறைவேற்றலாம் என்று கோயில் பெரியவர்களையும் வைத்துக் கதைக்கலாம். யாத்திரை போகிறவருக்கு ஒவ்வொரு இரவும் விரலிடுக்கைப் பார்க்கவும், மடியில் குளுக்கோஸ் வைத்திருக்கவும், நடக்கிற நாளில் சாப்பாடு தவறினால் ஊசியை என்ன செய்வது என்றும் சொல்லிக் கொடுக்கலாம். காலை வெட்டியபின் கட்டுக் கட்டுவதும் தாதிதான். வெட்டாமல் காப்பதற்கு மட்டும் ஏன் அவருக்கு நேரமும் அதிகாரமும் இல்லை?

இப்போது சட்டத்துக்கு வருவோம். மருந்து எழுதும் உரிமை 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டத்தை ஒட்டிப் பதிவு பெற்ற மருத்துவருக்கு உரியது. தாதியருக்கு 1988இல் தாதியர் பேரவைச் சட்டம் வந்தது. பதிவு கிடைத்தது, பேனை கிடைக்கவில்லை. அண்மைய வருடங்களில் பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் என்ற பதவி ஆரம்பப் பராமரிப்புக்குள் வந்திருக்கிறது. வீடு வீடாகப் போய்த் தொற்றா நோயாளிகளைப் பார்க்கலாம், அறிவுரை சொல்லலாம். அதை வரவேற்கிறோம். ஆனால் வீட்டில் போய்ப் பார்த்து "குளிசை முடிஞ்சுபோச்சு மிஸ்ஸி" என்று கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிற பதவியாகவே அது இருக்கிறது.

"வைத்தியர் அல்லாத ஒருவர் மருந்து கொடுப்பதா?" என்று வியப்போடு கேட்கிறீர்கள். இந்த நாட்டில் அது புதிதா? வைத்தியப் பட்டம் இல்லாமல் தனிப் பயிற்சியோடு நோயாளிகளைப் பார்த்த அப்போதிக்கரி ஐயாமாரை மறந்துவிட்டோமா? கிழக்கின் கிராமத்து ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் பல பத்தாண்டுகள் அவர்கள் கையில்தான் நடந்தன. அந்தப் பயிற்சி 1990களில் நிறுத்தப்பட்டது. இருந்தவர்களும் ஓய்வு பெற்றுப் போகிறார்கள், அந்த இடத்தை நிரப்ப வேறொரு தரம் உருவாக்கப்படவில்லை. இன்றும்கூட, வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் கிழமைக்கு 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கர்ப்பிணிக்கு இரும்புச்சத்துக் குளிசையையும் கல்சியத்தையும், குடும்பத் திட்டத்துக்கான குளிசையையும் வீட்டு வாசலில் கொடுப்பது குடும்பநல உத்தியோகத்தர். சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைக் கண்டறியும் பெப் பரிசோதனைக்கு மாதிரி எடுப்பது பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியும் குடும்பநல உத்தியோகத்தரும். எழுத்தில் விதி, பயிற்சி, மேலே ஒரு வைத்திய அதிகாரி, இந்த மூன்றும் இருப்பதால் அதெல்லாம் ஒழுங்காக நடக்கிறது. தாய் சேய் நலத்தில் இலங்கை நிமிர்ந்து நிற்பதற்கு அந்த ஏற்பாடும் ஒரு காரணம். பிறசர் குளிசைக்கு மட்டும் அது ஏன் ஆகாது?

வெளிநாட்டு அனுபவத்தையும் உள்ளபடி சொல்வோம். 1965இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை நல வைத்தியரும் சேர்ந்துதான், நோயாளியைத் தானே பார்த்துச் சிகிச்சை கொடுக்கும் தாதிக்கான "நேர்ஸ் பிரக்டிஷனர்" பயிற்சியைத் தொடங்கினார்கள். வைத்தியர் எட்டாத கிராமத்துப் பிள்ளைகளைப் பார்ப்பதே நோக்கம். தாதியும் வைத்தியரும் சேர்ந்து பெற்ற பிள்ளை இது என்பதைச் சங்கப் பொறுப்பாளர்கள் கவனிக்க வேண்டும். பிரித்தானியாவில் 2006 முதல் தகுதி பெற்ற தாதியர் தங்கள் தேர்ச்சிக்கு உட்பட்ட மருந்துகளைத் தாங்களே எழுதுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட திறனாய்வு, ஆரம்பப் பராமரிப்பில் வைத்தியருக்குப் பதிலாகத் தாதியர் பார்த்த 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளிகளின் நிலை அதேயளவு அல்லது சற்று மேல், திருப்தி சற்றுக் கூட, ஒரு சந்திப்புக்கு எடுக்கும் நேரமும் கூட என்பது அதன் முடிவு. செலவு குறையுமா என்பதில் அதற்கு உறுதி இல்லை. அந்தச் சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை பணக்கார நாடுகளில் நடந்தவை என்பதையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். அங்கே தாதியின் மேசையில் கணினி, பக்கத்து அறையில் வைத்தியர், அன்றே வரும் இரத்தப் பரிசோதனை. எங்கள் மேசையில் ஒரு கொப்பி. ஆகவே அங்கிருப்பதை அப்படியே தூக்கிவந்து வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. அமெரிக்காவில் சில நூறு மணி நேரக் கிளினிக் பயிற்சியோடு வெளியே வந்து தனித்து இயங்கும் முறைமீது அங்கேயே எழும் கண்டனம் நியாயமானது என்பதும் எங்கள் எண்ணம்.

வைத்தியர் சங்கங்கள் சொல்லும் அச்சங்களில் ஒன்று மிகச் சரியானது. நெஞ்சு நோவே இல்லாமல் மாரடைப்பு வரும் சீனி வருத்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பெண், "வாயுப் பிடிச்சிருக்கு மிஸ்ஸி, விடிய இருந்து மேல்வயிறு ஒரு மாதிரி" என்பார், முகம் வியர்த்திருக்கும். ரிப்பீட் எழுதுகிற கை அங்கே பழக்கத்தில் எழுதிவிட்டால் ஓர் உயிர் போகும். அதனால்தான் வெறும் கையெழுத்து உரிமையாக இதைக் கேட்காமல் நெறிமுறையாகக் கேட்கிறோம். அப்படி வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி., அது எப்படி இருந்தாலும் வைத்தியருக்கு அழைப்பு. புதிய நோயைத் தீர்மானிப்பது எங்கள் வேலை அல்ல. கர்ப்பிணியின் பிறசர் எங்கள் வேலை அல்ல. மூச்சு வாங்கலோடு வருபவர், சிறுநீரகம் பழுதானவர், இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர், வலிப்பு நோயாளி, மனநோய் மருந்து எடுப்பவர், இவர்கள் எல்லோரும் வைத்தியரிடமே போக வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லியைத் தாதியர் கையில் கொடுங்கள் என்றும் நாங்கள் கேட்கவில்லை. இப்போதே அது கண்டபடி கொடுபடுகிறது.

"ஏழைக்குத் தாதி, பணக்காரனுக்கு டொக்டரா?" என்று கேட்பவர்களும் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது, கேட்கும் இடம்தான் பிழை. புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடி, படகு ஓடுகிற மார்கழியில் அந்தப் பக்கத்து ஏழைக்கு இரண்டு பேருமே இல்லை. வாகரை மூலையிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்கு 60 கிலோமீற்றருக்கு மேல். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போய், கையில் வருவது அதே மெற்ஃபோமின். ஆனால் வைத்தியர் வெற்றிடத்தை நிரப்பாமல் விடுவதற்கு எங்களைச் சாட்டாக்கினால், அந்தக் கேள்வியை முதலில் கேட்பவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

நெறிமுறை எப்படி இருக்கலாம் என்பதைச் சொல்லிவிடுகிறோம், வெட்டித் திருத்துங்கள். நோயும் மருந்தும் வைத்தியரால் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆறு மாதமாக மருந்து மாறியிருக்கக் கூடாது. கடைசி இரண்டு தடவையும் பிறசர் 140க்கு 90க்குக் கீழும், வெறும் வயிற்றுச் சீனி 130க்குக் கீழும் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை பார்த்திருக்க வேண்டும். இப்படிப்பட்டவரின் கொப்பி அட்டையில் பச்சை ஒட்டி. பச்சை ஒட்டிக்காரரைத் தாதி பார்த்து மருந்தைப் புதுப்பிப்பார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியர் கட்டாயம் பார்ப்பார். முதல் ஒரு வருடம் அளவை மாற்றும் உரிமை வேண்டாம். குறைக்க வேண்டிய நிலை வந்தால் தொலைபேசியில் கேட்டு, கேட்ட நேரத்தையும் சொன்னவரின் பெயரையும் கொப்பியில் எழுதினால் போதும்.

ஒட்டி உடனே கழரும் இடங்களும் எழுத்தில் இருக்க வேண்டும்: பிறசர் 180க்கு 110ஐத் தொட்டால், சீனி 70க்குக் கீழே இறங்கினால், 300ஐத் தாண்டிச் சத்தி இருந்தால், காலில் புதுப் புண் கண்டால், கால் வீங்கினால், வாய் கோணினால் அல்லது ஒரு கை சோர்ந்தால், லொசார்ட்டனோ எனலப்ரிலோ எடுப்பவருக்குக் கிரியற்றினின் முன்னையதைவிட 30 வீதத்துக்கு மேல் ஏறினால், அன்றே வைத்தியர். இன்னொன்றையும் ஒவ்வொரு தடவையும் கேட்டே ஆக வேண்டும்: "கடையில நோவுக் குளிசை வாங்கிப் போட்டீங்களா?" வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு இடுப்பு நோவுக்கு டைக்குளோபெனக்கை நாளைக்கு மூன்று விழுங்குவார்கள். லொசார்ட்டனும் நீரிறக்கியும் ஏற்கெனவே எடுப்பவர் அதையும் சேர்த்தால் சிறுநீரகம் அடிபடும், தண்ணீர் காணாத வெயிலில் இன்னும் விரைவாக.

எங்கள் பக்கத்துக் கசப்பையும் மறைக்க விரும்பவில்லை. இந்த வேலை, இருக்கிற வேலையின் தலைமேல் ஏறக் கூடாது. சிறு வைத்தியசாலையில் ஒரு ஷிப்டுக்கு ஒரே தாதி. அவர்தான் வார்ட், அவர்தான் காயம் கட்டும் அறை, அவர்தான் மாத முடிவில் புள்ளிவிபரப் படிவம். அவரையே கிளினிக்கிலும் இருத்தினால் எட்டு நிமிடச் சந்திப்பு ஒன்றரை நிமிடமாகவே போகும், கையெழுத்து மட்டும் மாறும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களில் வைத்தியர்கள் மட்டுமல்ல, தாதியரும் இருக்கிறார்கள். இரண்டாவது ஆள் இல்லாத இடத்தில் இதைத் தொடங்கவே வேண்டாம். இலக்கம் கொடுப்பதும் படிவம் நிரப்புவதும் தாதியின் வேலையா என்பதையும் அப்போதே தீர்த்துவிடுங்கள்.

இன்றும் பல இடங்களில் நடப்பது இன்னொரு ஏற்பாடு. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுதாகாது. தாதி பார்த்து, தாதி எழுதி, நாற்பது கொப்பி அடுக்கிய பிறகு வைத்தியர் வரிசையாகக் கையெழுத்து வைத்துக்கொண்டு போவார். நோயாளியைக் காணாமலே. பிழை நடந்தால் கையெழுத்திட்டவரும் மாட்டுவார், எழுதியவரும் மாட்டுவார். காப்பாற்ற ஒரு வரிச் சட்டமும் இல்லை. தாதியர் மருந்து எழுதுவது ஆபத்து என்று மேடையில் பேசுகிற அதே ஆட்கள் இந்த அடுக்கைப் பார்த்ததில்லையா?

ஆகவே, கேட்பவை இவை.

பச்சை ஒட்டி நோயாளிகளுக்கு மருந்தைப் புதுப்பிக்கும் அதிகாரத்தைத் தாதிய உத்தியோகத்தருக்கு வழங்கும் எழுத்து மூலமான சுற்றறிக்கை வேண்டும். வாய்மொழி அனுமதி வேண்டாம். பிழை நடந்தால் யார் எதற்குப் பொறுப்பு என்பது அதிலேயே இருக்க வேண்டும். நிலையான சட்டத் திருத்தத்துக்கான வேலையும் அதோடு சேர்ந்து தொடங்க வேண்டும்.

நெறிமுறையை எழுதும் குழுவில் வைத்தியர், மருந்தாளர், கிராமத்துச் சிறு வைத்தியசாலையில் இப்போது வேலை செய்கிற தாதி ஆகிய மூவரும் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களையும் தலைநகரில் இருப்பவர்களையும் மட்டும் வைத்து எழுதாதீர்கள்.

பயிற்சி ஒரு வருடமாவது இருக்கட்டும், அதில் பாதியாவது வைத்தியரின் கண்முன் கிளினிக்கில். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடத் தாதியியல் பட்டப்படிப்பு நடக்கிறது, மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது; இதற்காக யாரும் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. தமிழில் நடத்துங்கள். நோயாளி "உள்ளங்கால் பஞ்சு மிதிக்கிற மாதிரி இருக்கு" என்று சொல்வது தமிழில்தான்.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை ஆகிய மூன்று சுகாதாரப் பிராந்தியங்களிலும் இரண்டிரண்டு நிலையங்களில் முதலில் நடத்திப் பாருங்கள். மாதம் பத்துக் கொப்பியைக் கண்ணை மூடி எடுத்து ஒரு வைத்தியர் சரி பார்க்கட்டும். எத்தனை பேருக்கு மருந்து இடையில் அறுந்தது, எத்தனை பேர் அவசரமாக அனுப்பப்பட்டார்கள், எத்தனை காலில் புண் வந்தது என்று முன்னும் பின்னும் எண்ணுங்கள். முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தாலும் வெளியிடுங்கள்.

அந்த நிலையங்களில் தாதியர் ஆளணியைக் கூட்டுங்கள். வைத்தியர் வெற்றிடம் ஒன்றையும் இதைக் காட்டி மூடாதீர்கள். மூன்று அளவில் பிறசர் பட்டி, முதுகு சாயும் கதிரை, ஈ.சி.ஜி. கடதாசி, கிரியற்றினின் பார்க்க மாதம் ஒருமுறை இரத்தம் ஏற்றிப்போகும் வாகனம் ஆகியவற்றைப் பயிற்சி முடியுமுன் கொடுங்கள்.

இவற்றுக்குக் காலம் எடுக்கும் என்பது தெரியும். காலம் எடுக்காத ஒன்றும் இருக்கிறது. இந்த மாரி தொடங்குமுன், வெள்ளத்தில் துண்டிக்கப்படும் கிராமங்களின் நிலைப்பட்ட நோயாளிகளுக்கு இரண்டு மாதக் குளிசையை ஒன்றாகக் கொடுக்கச் சொல்லுங்கள். டொக்டர் லீவு என்றால் பக்கத்து வைத்தியசாலை வைத்தியர் தொலைபேசியில் ஒப்புதல் தந்து, ஏழு நாள் குளிசையாவது கொடுபட வழி செய்யுங்கள். பதிலை எழுத்தில், ஐப்பசிக்கு முன் எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் சிறு வைத்தியசாலைகளில் பணிபுரியும் தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்